வராதவனுக்கு வருகை

ஜனவரி 9

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். ரத்தக்கொதிப்பு மாத்திரையை விடாமல் போட்டுக்கொள். இந்தக் கடிதத்தைப் படிக்கும் முன்னால் இன்னொன்று போட்டுக்கொண்டாலும் நல்லதுதான்.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால், முடிக்கும்போது நான் "சரிடா, சரிடா" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இனிமேல் எனக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும்.

நேற்றுக் காலை கோர்ட் ஊழியர் கடைக்கு வந்து ஷட்டரில் ஒரு தாளை ஒட்டினார். ஜூன் முப்பதாம் தேதிக்குள் கடையைக் காலி செய்ய வேண்டுமாம். "இது எந்த ஊர் நியாயம், கேஸ் இன்னும் விசாரணைக்கே வரலையே" என்றேன். "என்னம்மா, நீங்களே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்ட சமரசம்தானே" என்றார் அவர். தாளைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்து என்னுடையதுதான். மேலே இருக்கும் எழுத்து ஒன்றுகூட என்னுடையதில்லை. கட்டட முதலாளி கடையைத் திருப்பிக் கேட்பது நியாயம்தான் என்று நான் மனமுவந்து ஒப்புக்கொண்டேனாம். மனமுவந்து! அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

நீ சொல்லித்தான் உன் மாணவனை வக்கீலாக வைத்தேன். எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறானே, அந்தச் சிரிப்பு வக்கீல். அவன் முதல் நாளே ஐந்து வெள்ளைத் தாளை நீட்டினான். எனக்குக் கை போகவில்லை. அவன் எதிரிலேயே உனக்குப் போன் போட்டேன். "கேக்கற இடத்துல போடுக்கா, நம்ம பையன்" என்றாய். போட்டேன்.

கோர்ட்டுக்கு எதிரே இருபத்தெட்டு வருடமாக இருக்கிற தையல் கடை. இதை விட்டால் எனக்கு வேறு வாசல் கிடையாது. என்ன செய்யலாம் என்று எழுது.

அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெடலை விட்டுவிட்டு மோட்டார் போட்டுக்கொள்ளுங்கள் என்று எத்தனை முறை சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. எங்கோ ஒரு தவறான புரிதல் நடந்திருக்கிறது. அவசரப்பட்டு யார் மீதும் வார்த்தையை விட்டுவிட வேண்டாம். தொழிலில் சில நடைமுறைகள் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேறு மாதிரி தோன்றும். நான் உங்கள் வழக்கறிஞரிடம் பேசுகிறேன்.

இங்கே எனக்கு மூச்சுவிட நேரமில்லை. சட்டக் கல்வியையும் வழக்கறிஞர் ஒழுக்கத்தையும் சீர்திருத்தும் மசோதாவின் முதல் வரைவை முடித்துவிட்டோம். மொத்தம் அறுபத்து நான்கு பிரிவுகள். குழுவின் செயலர் என்ற முறையில் பாதிக்கு மேல் என் கைவேலை. வகுப்புக்கே வராமல் பட்டம் வாங்குகிற காலம் இதோடு முடியும். குறிப்பாகப் பதினேழாம் பிரிவைப் படியுங்கள். வராத மாணவன் வந்ததாகத் தெரிந்தே பதிவு செய்யும் ஆசிரியரும், பொய்யாக நன்னடத்தைச் சான்று கொடுக்கும் ஆசிரியரும் பதவி இழப்பார்கள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, லேசில் பாராட்டாதவர். "இது ஒண்ணே போதும்யா, மத்ததெல்லாம் இல்லாட்டியும் பரவாயில்ல" என்றார். நகல் ஒன்று இணைத்திருக்கிறேன். தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று நீங்களும் பார்க்க வேண்டாமா?

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி

ஜனவரி 30

தம்பிக்கு,

முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. அது நியாயமான வலி, உழைத்து வந்தது.

தவறான புரிதல் என்று எழுதியிருக்கிறாய். எனக்கா? இந்த ஊர் வக்கீல்களில் பாதிப் பேருடைய தோள் அகலம் என் நோட்டில் இருக்கிறது. கவுன் தைத்தே கண் பூத்துப்போனவள் நான். சிரிப்பு வக்கீல் போட்டுக்கொண்டு திரிகிற கவுனும் என் கையால் தைத்ததுதான், இடது தோள் ஒரு விரல் இறக்கம், அதற்குப் பஞ்சு வைத்து நிமிர்த்தியதும் நான்தான். அளவு எடுக்காமல் ஒரு சாண் துணியைக்கூட வெட்டாதவள், எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீ அவனிடம் பேசுகிற வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. நானே போனேன். பெரிய மேஜை, பின்னால் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே உயரத்தில் சட்டப் புத்தகம். ஒன்றின் முதுகுகூட மடங்கவில்லை, எல்லாம் புதுத்துணி மாதிரி மொடமொடவென்று இருக்கிறது.

"ஏன்ப்பா இப்படிப் பண்ணே?" என்றேன்.

"நீங்கதான சொன்னீங்க, சீக்கிரம் முடிச்சா நல்லதுன்னு."

"முடிச்சுக் குடுன்னேன். என்னை முடிச்சுடுன்னா சொன்னேன்?"

அதற்கும் சிரித்தான். "வயசாயிடுச்சு, மறந்திருப்பீங்க" என்றான். மறதியா எனக்கு? பத்து வருடத்துக்கு முன் தைத்த சட்டைக்குப் பட்டன் என்ன நிறம் என்று சொல்வேன்.

வெளியே வந்தபோது, கட்டட முதலாளியின் கார் அவன் வாசலில் நின்றது. வாங்குகிறதும் விற்கிறதும் ஒரே வாசல் என்று புரிந்தது. வழக்கறிஞர் மன்றத்துக்கும் புகார் எழுதிப் போட்டுவிட்டேன்.

உன் மசோதாவைப் படித்தேன். என் கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கிறவளுக்கும் படித்துக் காட்டினேன். கவுனின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு முழுப் பிரிவு இருக்கிறது. அதுவும் தப்பு, அந்த நீளத்தில் தைத்தால் படியேறும்போது தடுக்கி விழுவார்கள். ஆனால் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன், கிடைக்கவில்லை. பதினேழு நன்றாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அவன் உன்னிடம் படித்தபோது எப்படிப்பட்ட மாணவன்? வகுப்புக்கு ஒழுங்காக வந்தானா?

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். துணைக்குழுக் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து இப்போது தேவலை.

யோசித்துப் பார்த்ததில், நீங்கள் வேறு வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தி, சமரசம் உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, அதை ரத்து செய்ய வேண்டும் என்று அதே நீதிமன்றத்தில் மனுப் போடுவதுதான் முறை. தாமதிக்க வேண்டாம். ஜூன் முப்பதுக்கு முன் உத்தரவு வாங்கியாக வேண்டும்.

எழுதாத தாளில் கையெழுத்து வாங்குவது பற்றி நீங்கள் சொன்னது நல்ல கருத்து. ஆனால் அவ்வளவு நுணுக்கமான விஷயங்களைச் சட்டத்தில் வைப்பதில்லை. பின்னால் விதிகளில் வரும். கவுன் நீளத்தையும் குறித்துக்கொண்டேன்.

மசோதாவுக்கு எதிர்ப்பு பலமாக இருக்கிறது. தனியார் சட்டக் கல்லூரிக்காரர்கள் ஒரு பக்கம், மூத்த வழக்கறிஞர்கள் ஒரு பக்கம். நடுவில் மத்தளம் மாதிரி நான். இரண்டு பக்கமும் அடி.

மோட்டார் விஷயத்தை மறக்க வேண்டாம்.

அன்புத் தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது சந்தோஷம். அவளுக்கு என் முத்தம். உனக்கு இந்தக் கடிதம்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. மத்தளம், விதி, மோட்டார் எல்லாம் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, பதில் வேறு வழியாக வந்து சேர்ந்தது.

புது வக்கீலம்மா கெட்டிக்காரி. கையெழுத்து வாங்கும் முன் ஒவ்வொரு வரியையும் எனக்குப் படித்துக் காட்டுகிறாள், எனக்கே அலுப்புத் தட்டும் அளவுக்கு. ரத்து மனுப் போட்டோம். சிரிப்பு வக்கீல் பதில் மனுக் கொடுத்திருக்கிறான். "நான் தொழில் ஒழுக்கம் என்னும் பாடத்தை முழு வருகையோடு படித்து, கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன். மனுதாரரின் சொந்தத் தம்பியே என் பேராசிரியர். அவர் என்னைக் களங்கமற்ற நேர்மையாளன் என்று சான்றளித்திருக்கிறார்." சான்றிதழையும் பின்னால் கோத்திருக்கிறான். கீழே உன் கையெழுத்து, அந்த வளைந்த சுழியோடு.

நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க தம்பியே இவ்வளவு எழுதியிருக்காரேம்மா" என்றார். எதிரே அவன் சிரித்துக்கொண்டு நின்றான், நான் தைத்த கவுனில். வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை.

கடைக்குத் திரும்பி வெட்டுமேஜை முன்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த மேஜையில்தானே நீ செய்தாய்? நீ என்னோடு தங்கிக் கல்லூரியில் பாடம் நடத்திய காலம். மாதத்தின் கடைசி ஞாயிறு கடை மூடியிருக்கும். வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து விரிப்பாய். சனிக்கிழமை கடைசி மணி தொழில் ஒழுக்க வகுப்பு, ஒரு ஈ காக்காய் வராது என்று நீயே சொல்வாய். மாதம் முழுவதற்கும் உட்கார்ந்து "வந்தார், வந்தார், வந்தார்" என்று போடுவாய். ஒரே நாளில் போட்டது தெரியக் கூடாது என்று மூன்று பேனா. நீலம் உன்னுடையது, கறுப்பு என்னுடையது. மூன்றாவது, மை கசிகிற ஒன்று. ஒரு தடவை வேகத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களிலும் போட்டுவிட்டாய். "ஏன்டா, லீவு நாள்லயும் வந்தானுங்களா?" என்று கேட்டேன். "யாருக்கா பாக்கப் போறாங்க" என்றாய். ரெண்டு பேரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், அதை மறைக்கவில்லை. என் பேனாவையும் நான்தான் கொடுத்தேன்.

வராத அந்தப் பிள்ளைகளில் இவனும் ஒருவனா இல்லையா? நீ கொடுத்த சான்றிதழ் பொய் என்று கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடு. இரண்டு வரி போதும். அது இல்லாவிட்டால் என் மனு நிற்காது, கடையும் நிற்காது என்று வக்கீலம்மா சொல்லிவிட்டாள்.

அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் நாட்கள் ஓடிவிட்டன.

அந்தக் காலத்தில் எல்லாக் கல்லூரிகளிலும் நடந்ததுதான் அது. நான் போடாவிட்டால் வேறொருவர் போட்டிருப்பார். உங்கள் பழைய வழக்கறிஞர் கல்லூரித் தாளாளரின் மருமகன். என்னைப் போன்ற தற்காலிக ஆசிரியர் என்ன செய்திருக்க முடியும்? அடுத்த வருடமே எனக்கு வேலை நிரந்தரமானது, பிறகு கல்லூரி முதல்வர் ஆனேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது நீங்கள் கேட்பதை நான் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நாளைக்கே பேப்பரில் வரும். மசோதாவை எழுதியவனே பொய் வருகை போட்டவன் என்பார்கள். எதிர்ப்பவர்களுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகும். மசோதா குப்பைக்குப் போகும். இனி படிக்கப் போகிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கும், அவர்களிடம் வழக்கு கொடுக்கப் போகிற லட்சக்கணக்கானவர்களுக்கும் கிடைக்க வேண்டிய நன்மை போய்விடும். ஒரு கடைக்காக இதை இழக்கலாமா? நான் வேறு நல்ல இடத்தில் கடை பார்த்துத் தருகிறேன்.

மசோதா நிறைவேறட்டும். பிறகு நானே எல்லாவற்றையும் சொல்கிறேன். அதுவரை அந்த மூன்று பேனா விஷயத்தை வக்கீலம்மாவிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

அன்புத் தம்பி

ஏப்ரல் 25

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க இன்று மனசில்லை.

ஒரு கடை என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு கடையின் ஒரு மெஷின் ஓடித்தான் நீ சட்டம் படித்தாய். சொல்லிக்காட்டக் கூடாது என்று இருபது வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்று சொல்லிக்காட்டுகிறேன். நன்றாகச் சொல்லிக்காட்டுகிறேன்.

லட்சம் பேருக்கு நியாயம் செய்யப் புறப்பட்டவனுக்கு ஒருத்திக்குச் செய்ய முடியவில்லை. அந்த லட்சத்தில் நான் எத்தனையாவது ஆள்? என் முறை வரும்போது என் கடை இருந்த இடத்தில் என்ன இருக்கும்?

"கேக்கற இடத்துல போடுக்கா" என்று சொன்னபோது உனக்குத் தெரியும், அவன் ஒரு நாளும் ஒழுக்க வகுப்பில் உட்காராதவன் என்று. தெரிந்தே சொன்னாய். அவன் என்னை ஏமாற்றியது எனக்குப் பெரிதில்லை. அவன் யாரோ.

அக்கா

மே 12

பெறுநர்: செயலர், சட்டக் கல்வி மற்றும் வழக்கறிஞர் ஒழுக்க மசோதாக் குழு

பொருள்: மசோதாவின் மீது பொதுமக்கள் கருத்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் வெளியிட்டுள்ள மசோதா கோர்ட் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. முப்பது நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம் என்றும், வந்த கருத்துகள் ஒவ்வொன்றையும் செயலர் குழுவின் முன் வாய்விட்டுப் படித்துக் குறிப்பேட்டில் பதிவார் என்றும் அதில் போட்டிருக்கிறது. அதை நம்பி எழுதுகிறேன்.

நான் தையற்காரி. என்னிடம் இந்த மசோதாவின் இரண்டு நகல் இருக்கின்றன. ஜனவரியில் ஒருவர் எனக்கு அனுப்பியதில் அறுபத்து நான்கு பிரிவுகள். பலகையில் ஒட்டியதில் அறுபத்து மூன்று. பொய்யாக வருகை போடும் ஆசிரியர் பதவி இழப்பார் என்ற பதினேழாம் பிரிவைக் காணவில்லை. அந்த எண்ணில் இப்போது நூலகத்தின் நாற்காலிகளைப் பற்றி இருக்கிறது. நைசாகப் பிரித்துவிட்டுத் தையலை மூடியிருக்கிறார்கள். பிரித்த இடம் மற்றவர்களுக்குத் தெரியாது, தைக்கிறவளுக்குத் தெரியும்.

பதினேழை ஏன் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதை எழுதிய பேராசிரியர் வராத மாணவர்களுக்கு மூன்று பேனாவால் வருகை போட்டவர். என் வெட்டுமேஜையில் போட்டார், ஒரு பேனா என்னுடையது. அப்படி வந்த ஒரு வக்கீல் என்னிடம் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி, என் கடையை எதிராளிக்கு எழுதிக் கொடுத்தான். அவன் நேர்மையாளன் என்று அந்தப் பேராசிரியர் கொடுத்த சான்றிதழ்தான் இன்று கோர்ட்டில் எனக்கு எதிரான சாட்சி.

பதினேழாம் பிரிவைத் திரும்ப வையுங்கள். எழுதாத தாளில் கையெழுத்து வாங்குகிற வக்கீல் கவுன் போடக் கூடாது என்று இன்னொன்றும் சேருங்கள். விதியில் வரும் என்று சொல்லாதீர்கள். விதி என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு வேறு அர்த்தம்.

அந்தப் பேராசிரியர் யார் என்று குழு கேட்டால், இதைப் படித்துக்கொண்டிருப்பவரைக் கேட்கவும்.

இப்படிக்கு,
கோர்ட் எதிரே கவுன் கடை வைத்திருப்பவள்

மே 30

அக்கா,

நீங்கள் "ஐயா" என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வந்த கருத்துகள் ஆயிரத்துக்கு மேல். குமாஸ்தா உங்களுடையதற்கு 412 என்று எண் போட்டு வைத்திருந்தார். இவ்வளவில் ஒன்றைக் காணாமல் செய்வது பெரிய வேலையில்லை. மறைக்காமல் சொல்கிறேன், அப்படித்தான் செய்தேன். கூட்டத்தில் 411 படித்தேன். அடுத்து 413 படித்தேன். யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், ஒருவர் கொட்டாவி விட்டார். 414, 415 என்று போய்க்கொண்டே இருந்தேன். 420 வந்தபோது "யாருக்கா பாக்கப் போறாங்க" என்று நான் சொன்னது ஞாபகம் வந்து தாளைக் கீழே வைத்தேன். அதே கை, அதே வேலை. இருபது வருடத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஒன்று விட்டுப்போயிற்று" என்று சொல்லி 412ஐ எடுத்துப் படித்தேன். முழுவதும் படித்தேன். கடைசி வரியில் நின்றேன். ஒரு உறுப்பினர் சிரித்தார். "எல்லாரும் போட்டதுதானே சார், இதைப் போய்..." என்றார். தலைவர் அவரைக் கையமர்த்தினார். "யாருய்யா இந்தம்மா?" என்று என்னைக் கேட்டார். "என் அக்கா" என்றேன். அவர் 412ஐ வாங்கித் தானே ஒரு முறை படித்தார். பிறகு, "பதினேழு ஏன் போச்சுன்னு நீ சொன்ன காரணம் எதுவும் அப்பவே எனக்கு ஒட்டல" என்றார்.

அன்றே செயலர் பதவியிலிருந்தும் கல்லூரி வேலையிலிருந்தும் விலகிவிட்டேன். பதினேழைத் திரும்ப வைத்துவிட்டார்கள். வெள்ளைத் தாள் பற்றிய பிரிவை நீங்கள் எழுதியபடியே சேர்க்கத் தலைவர் சொன்னார். "கவுன் போடக் கூடாது" என்பதை மட்டும் "தொழில் செய்யக் கூடாது" என்று மாற்றினார்கள். சபையில் நிறைவேறுமா என்று தெரியாது.

அவன் வகுப்புக்கு ஒரு நாளும் வரவில்லை. நீங்கள் ஜனவரியில் கேட்டதற்கு இதுதான் பதில். வேலை நிரந்தரமானதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. சான்றிதழ் பொய் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து தாக்கல் செய்யுங்கள்.

தம்பி

ஜூன் 3

தம்பிக்கு,

பத்திரம் வந்தது. வக்கீலம்மா வரிக்கு வரி படித்தாள். "நல்லாருக்கு, ஆனா இது போதாது. அவர் நேர்ல வந்து கூண்டுல ஏறணும், குறுக்கு விசாரணைக்கு நிக்கணும்" என்றாள்.

ஜூன் பதினாறு, காலை பத்தரை. இரண்டாவது மாடி, படிக்கட்டுக்கு இடப்பக்கம். கல்லூரியிலிருந்து அந்த வருடப் பதிவேட்டைக் கொண்டுவரக் கோர்ட் உத்தரவு போட்டிருக்கிறது.

நீ செய்தது பெரிய காரியம் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. எட்டுக் கருத்தைத் தாண்டிப் போய்விட்டுத்தானே திரும்பினாய். உன் பத்திரத்தைப் படித்த பிறகும் எனக்கு உன் மேல் எரிகிறது. நீ தபாலில் அனுப்புகிற ஆள், எதையும் தூரத்திலிருந்தே முடித்துவிடப் பார்ப்பாய். இதில் அது நடக்காது. உன் பெயருக்கு நேராக "வந்தார்" என்று போட அங்கே ஆள் கிடையாது. வந்தால்தான் வந்தது.

அக்கா

ஜூன் 20

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள்? சின்னவள் பள்ளிக்குப் போகிறாளா?

நீ கூண்டேறிச் சாட்சி சொல்லிவிட்டுப் போன மறுநாள் உத்தரவு வந்தது. சமரசம் ரத்து. பழைய கேஸை முதலிலிருந்து விசாரிக்க வேண்டுமாம். கட்டட முதலாளி விடமாட்டார், எனக்கும் வேறு வேலையில்லை, பார்த்துக்கொள்ளலாம். ஷட்டரில் ஒட்டிய தாளைக் காஜா எடுக்கிறவள் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். வழக்கறிஞர் மன்றத்திலிருந்து என் புகாருக்கு இன்னும் ஒரு வரி பதில் இல்லை. உன் மசோதா வந்தால் தொண்ணூறு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. வரட்டும்.

அன்று உன்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் வந்துவிட்டேன். வேண்டுமென்றுதான். பேசினால் அத்தனை பேருக்கு முன்னால் உன்னை அடித்திருப்பேன், இல்லாவிட்டால் அழுதிருப்பேன். இரண்டும் கோர்ட்டில் செய்யக் கூடாது.

அந்த எதிர் வக்கீல் உன்னைப் பார்த்து, "அன்னைக்குப் பொய் சொன்னவர் இன்னைக்கு அக்காவுக்காக இன்னொரு பொய் சொல்ல மாட்டாருன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டபோது, போச்சுடா என்று நினைத்தேன். "என்னை நம்ப வேணாம். பதிவேட்டைப் பாருங்க, ஞாயித்துக்கிழமையும் அவர் வகுப்புக்கு வந்திருக்கார்" என்றாய். நீதிபதி பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மையின் நிறத்தைக்கூடப் பார்த்தார். அப்போது சிரிப்பு வக்கீலின் முகத்தைப் பார்த்தாயா? நான் பார்த்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவன் வாய் மூடியிருந்தது.

"உங்க வேலை போகும்னு தெரியுமா?" என்று நீதிபதி கேட்டார். "போயிடுச்சுங்க" என்றாய். சத்தமாகவும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டும் சொல்லவில்லை.

இத்துடன் ஒரு பார்சல் வரும். சட்டை. இது மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ளாதே, அது எனக்கு இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியாது. கழுத்துப்பட்டி நைந்த சட்டையோடு கவுன் கடைக்காரியின் தம்பி கூண்டில் நின்றான் என்று நாலு பேர் சொல்லக் கூடாது, அதற்குத்தான். என் நோட்டில் இருக்கிற உன் அளவு பழையது. நீ கூண்டில் நின்றபோது கண்ணாலேயே எடுத்தேன். தோள் இரண்டு விரல் குறைந்திருக்கிறது.

போட்டுப் பார்த்துவிட்டு எழுது. பொருந்தாவிட்டால் பொருந்தவில்லை என்றே எழுது.

அக்கா